தீவுக்கு ஒரு வல்லுநர்



சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில், மழை விட்டு வானம் வெளுத்த ஒரு மாலை வேளையில், என் பழைய மாணவர் ஒருவர் சூலூரிலுள்ள என் இல்லத்திற்கு வந்தார். தொழிற்கல்வி முடித்து, டீசல் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதில் பத்தாண்டுப் பழக்கம் உடையவர். அவர் கையில் நான்கு பக்கக் கடிதம் ஒன்று இருந்தது. கடல் நடுவே உள்ள ஒரு சிறு நாட்டின் அரசாங்கம், தன் மின்நிலைய எஞ்சின்களைப் பேணும் பொறுப்புக்கு அவரை இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அழைத்திருந்தது.

"போகட்டுங்களா, ஐயா? சம்பளம் நல்லாத்தானுங்க இருக்குது. அம்மாதான் வேண்டாம்ங்கறாங்க" என்றார்.

நான் கடிதத்தை இருமுறை படித்தேன். ஊதியம் இன்னது, வீடு உண்டு, போகவர விமானச் செலவு உண்டு, ஆண்டுக்கு இத்தனை நாள் விடுப்பு என்று எல்லாம் ஒழுங்காகவே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் இருக்கவேண்டிய ஒன்று அதில் இல்லை. அது யாது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதைச் சொல்லுமுன், ஒரு நாடு தன் சொந்த வேலைக்கு அயலூர் மனிதர் ஒருவரை ஏன் தேடி அழைக்கிறது என்பதை நாம் தெளிந்துகொள்ளவேண்டும்.

நம் கொங்கு நாட்டில் கிணறில்லாத தோட்டம் அரிது; மோட்டார் இல்லாத கிணறு அதனினும் அரிது. ஆனால் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் மேஸ்திரியை மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டிருக்கும் தோட்டக்காரர் எவரையேனும் கண்டதுண்டா? மோட்டார் எரிந்துபோனால் அதனைக் கழற்றி வண்டியிலேற்றிச் சூலூருக்கோ பல்லடத்துக்கோ கொண்டு போகிறோம். தோட்டக்காரர் ஏழை என்பதாலோ, அவர் வீட்டுப் பிள்ளைக்கு அறிவு போதாது என்பதாலோ அன்று. ஒரு மேஸ்திரிக்கு ஆண்டு முழுதும் வேலை கொடுக்க ஒரு கிணறு போதாது. நூறு கிணறுகளேனும் வேண்டும். அவருடைய கை தேர்ச்சி பெறுவதும் அந்த நூறு மோட்டார்களால்தான்.

சிறு தீவு நாட்டின் நிலை இந்த ஒற்றைக் கிணற்றின் நிலை. ஆனால் அதற்குப் பக்கத்தில் பல்லடம் இல்லை, நாற்புறமும் கடல். பெரிய நாடு ஒன்றுக்கு என்னென்ன அலுவல்கள் உண்டோ அத்தனையும் அதற்கும் உண்டு. வானிலை கணிப்பவர், கணக்குத் தணிக்கை செய்பவர், கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தி வருபவர், விமானப் போக்கைக் கட்டுப்படுத்துபவர், சட்டம் வரைபவர், நீதிபதி ஆகிய எல்லோரும் வேண்டும். ஒவ்வொரு துறைக்கும் ஒருவரோ இருவரோ போதும். அந்த ஒருவர் நோயுற்றால் நாற்காலி காலி. அவரை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்பினால் ஐந்தாண்டு நாற்காலி காலி; படித்து முடித்தவர் அங்கேயே தங்கிவிட்டால் அது என்றும் காலி.

மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,190 தீவுகள். அவற்றுள் மக்கள் குடியிருப்பவை 190 அளவில். நிலப்பரப்பு முழுவதையும் ஒன்றுசேர்த்தால் 300 சதுர கிலோமீட்டர் தேறும். ஆனால் அந்நிலம் வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியே வருவதைவிட நீண்ட தொலைவு அது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழும் அந்நாட்டுக் குடிமக்கள் சுமார் 3,80,000 பேர். நம் கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011இல் 34 லட்சத்துக்கு மேல். ஆக, நம் மாவட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கு மக்களைக்கொண்டு ஒரு முழு அரசாங்கத்தை அவர்கள் நடத்துகிறார்கள். அந்நாட்டுப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்ற ஆசிரியர்களும் மருத்துவர்களும் செவிலியரும் பலர் பணியாற்றி வந்திருப்பதில் வியப்பில்லை.

இனி, நம் சூலூருக்குத் தொடர்புள்ள செய்திக்கு வருகிறேன்.

சூலூரின் காலைப்பொழுது விமானங்களின் ஒலியோடு விடிவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்கள் இங்கே தங்கின. 1961இல் இந்தியக் கடற்படையின் ஹன்சா விமானத் தளம் இங்கேதான் தொடங்கப்பெற்றது. கோவா விடுதலை பெற்றபின் 1964இல் அது அங்கு மாறிச் சென்றது. இப்போது இத்தளம் விமானப் படையினுடையது. மயில் என்று பொருள்படும் சாரங் என்னும் பெயருடைய ஹெலிகாப்டர் சாகசக் குழு இவ்வூரைத் தளமாகக் கொண்டது. மயில் தீட்டிய அந்தச் செந்நிற ஹெலிகாப்டர்கள் வானில் பக்கம் பக்கமாகத் திரும்பும்போது, குளக்கரையில் நடப்பவர்கூட ஒரு கணம் நின்று அண்ணாந்து பார்ப்பதுண்டு. எத்தனை ஆண்டு பார்த்தும் எனக்கு அலுத்ததில்லை. அவை துருவ் என்னும் வகையைச் சார்ந்தவை. பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் வடிவமைத்துக் கட்டியவை.

அதே துருவ் வகை ஹெலிகாப்டர் ஒன்றை இந்தியா 2010இல் மாலத்தீவுக்கு அளித்தது. 2013இல் மற்றொன்று சென்றது. 2020இல் டார்னியர் என்னும் சிறு விமானம் ஒன்றும் அனுப்பப்பட்டது. கடலைக் கண்காணிப்பதும், மூழ்கும் தோணிகளைத் தேடுவதும், நோயாளிகளைக் கொண்டுசேர்ப்பதும் அவற்றின் வேலை. தென்கோடித் தீவு ஒன்றில் நள்ளிரவில் பிரசவ வேதனை முற்றிய பெண்ணுக்கு, பெரிய மருத்துவமனைக்கும் தனக்கும் இடையே இருப்பது சாலையன்று, திறந்த கடல். அவள் பிழைப்பது பல வேளைகளில் அந்த ஹெலிகாப்டர் புறப்படுவதைப் பொறுத்தது.

பொருளைக் கொடுப்பது எளிது. அதனைப் பறக்கவைக்கும் மனிதரைக் கொடுப்பதுதான் அரிது. ஹெலிகாப்டரை ஓட்டுபவர் இருவர் என்றால், அதனைத் தரையில் பேணுபவர் அவரினும் பலர். உடலை ஆராய்பவர் ஒருவர், எஞ்சினை ஆராய்பவர் ஒருவர், மின்கருவிகளுக்கும் வானொலிக் கருவிகளுக்கும் வேறுவேறு ஆட்கள். கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிக்கும். ஆதலின் கடல்மேல் பறந்து வந்த எந்திரத்தை நன்னீரால் கழுவவேண்டும், மூட்டுதோறும் சோதிக்கவேண்டும். ஒவ்வொரு வேலையும் முடிந்தபின், "நான் பார்த்தேன், சரியாயிருக்கிறது" என்று உரிய சான்று பெற்ற ஒருவர் கையெழுத்திடாமல் எந்திரம் தரையைவிட்டு எழலாகாது. அந்தக் கையெழுத்திடும் தகுதி ஆண்டுக்கணக்கான பயிற்சியால் வருவது. அந்த ஆட்கள் மாலத்தீவில் இல்லை. எனவே எந்திரங்களோடு இந்தியப் படையைச் சார்ந்த ஓட்டுநரும் தொழில்நுட்ப வீரரும் உடன் சென்றனர்.

இங்கேதான் சிக்கல் முளைத்தது. சென்றவர்கள் திறமையற்றவர்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் அயல்நாட்டுச் சீருடை அணிந்தவர்கள்.

சீருடையில் என்ன இருக்கிறது, நோயாளியைத் தூக்கிச் செல்பவர் எந்த உடை உடுத்தினால் என்ன என்று நமக்குத் தோன்றலாம். முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. மாலத்தீவின் தென்கோடியில் அட்டு என்னும் பவளத்தீவுக் கூட்டத்தில் கான் என்று ஒரு தீவு இருக்கிறது. 1957 முதல் 1976 வரை அங்கே பிரிட்டிஷ் விமானப் படை தளம் அமைத்திருந்தது. தளத்தில் வேலை பெற்ற தென்தீவு மக்களுக்கும் மாலேயிலிருந்த அரசாங்கத்துக்கும் பிணக்கு மூண்டது. 1959இல் தென்தீவுகள் தனிக் குடியரசு என்று அறிவித்துப் பிரிந்தே போயின. 1963இல்தான் அது முடிவுக்கு வந்தது. 1965இல் நாடு விடுதலை பெற்றது. அயல்நாட்டு விமானத் தளம் ஒன்று தன் நாட்டை இரண்டாகப் பிளக்கக் கண்ட மக்களுக்குச் சீருடை வெறும் துணியாகத் தோன்றாது. இந்த வரலாற்றைப் படித்தபின் என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

2018இலேயே அங்கிருந்த அரசாங்கம் ஹெலிகாப்டர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு இந்தியாவைக் கேட்டது. அவ்வாண்டுத் தேர்தலில் ஆட்சி மாறவே அவை அங்கேயே தங்கின. பின்னர், இந்தியப் படையினர் வெளியேறவேண்டும் என்னும் இயக்கம் வலுத்தது. 2023 நவம்பரில் பதவியேற்ற குடியரசுத் தலைவர் முகம்மது முயிசு, அதனை முறைப்படி கோரினார். 2024 பிப்ரவரி 2ஆம் நாள் புதுதில்லியில் இரு தரப்பினரும் கூடிப் பேசினர். மூன்று நிலையங்களுள் ஒன்றிலிருந்து மார்ச் 10க்குள்ளும், ஏனைய இரண்டிலிருந்து மே 10க்குள்ளும் படையினரை மாற்றுவது என்று முடிவாயிற்று. அவ்வாறே எழுபதுக்கு மேற்பட்ட படையினர் திரும்பினர். அவர்களுடைய இடத்தில் சென்றவர்கள் யார்? ஹெலிகாப்டரைக் கட்டிய அதே இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியாளர்கள். சீருடை அணியாத குடிமக்கள்.

எந்திரமும் அதுவே, வேலையும் அதுவே, வந்தவர்கள் நாடும் அதுவே. மாறியது ஒன்றுதான். படைவீரர் தம் நாட்டுச் சேனாபதியின் ஆணைக்குக் கட்டுப்பட்டவர். தொழில்நுட்பப் பணியாளருக்கு ஒப்பந்தம் உண்டு, ஆயுதம் இல்லை. இதனைக் கேலி செய்தவர்கள் இரு நாடுகளிலும் உண்டு. நான் கேலி செய்யமாட்டேன். ஓர் உரசல் பகையாக முற்றாமல், நோயாளியின் ஹெலிகாப்டரும் நின்றுபோகாமல் காத்த ஏற்பாடு அது.

ஆயினும் கதையின் முக்கியமான பகுதி இதுவன்று. படையினர் திரும்பிய அடுத்த நாளிலோ என்னவோ, மாலத்தீவின் பாதுகாப்பு அமைச்சர் கஸான் மௌமூன் செய்தியாளரிடம் ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இந்தியா அளித்த மூன்று வானூர்திகளையும் ஓட்டும் தகுதி பெற்றவர் தம் படையில் ஒருவரும் இல்லை. சிலர் பயிற்சியைத் தொடங்கினர், ஆனால் படிநிலைகளைக் கடந்து முடிக்கவில்லை என்பது அவர் கூற்றின் சாரம். 2010க்கும் 2024க்கும் இடையே பதினான்கு ஆண்டுகள். முதல் ஹெலிகாப்டர் வந்தபோது தொடக்கப் பள்ளியில் சேர்ந்த சிறுவன் அதற்குள் கல்லூரிக்கு வந்திருப்பான். இதற்கு யார் மீது குற்றம் சாட்டுவது என்று நான் இங்கே ஆராயப் போவதில்லை. அயலார் செவ்வையாக வேலை செய்துகொண்டிருக்கும்வரை, உள்ளூரார் கற்றுக்கொள்ளவேண்டிய அவசரம் எவருக்கும் தோன்றுவதில்லை. கற்பிக்கவேண்டிய அவசரமும் தோன்றுவதில்லை. திறமை மிக்க வல்லுநரை அழைப்பதிலுள்ள ஆபத்தே இதுதான்.

அயலாரைக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் இப்படி ஆனார்கள் என்று எண்ணவேண்டாம். 1960இல் சிங்கப்பூருக்கு ஐக்கிய நாடுகள் சபையின் குழு ஒன்று வந்தது. அதன் தலைவர் ஆல்பர்ட் வின்செமியஸ் என்னும் டச்சுப் பொருளாதார அறிஞர். வேலையின்மை பெருகி, தொழில் அமைதியின்றித் தத்தளித்த தீவு அது. தொழில் வளர்ச்சிக்கு அவர் திட்டம் வகுத்துக் கொடுத்தார். 1961 முதல் 1984 வரை ஆலோசகராக இருந்தார். ஆனால் எந்த நாற்காலியிலும் நிலையாக அமரவில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வந்து பார்ப்பார், கேட்பார், சொல்வார், போய்விடுவார். செய்தவர்கள் கோ கெங் சுவீ, ஹோன் சுய் சென் போன்ற அவ்வூர்க்காரர்கள். 1961இல் நிறுவப்பட்ட பொருளாதார வளர்ச்சிக் கழகம் அவர்கள் கையிலேயே வளர்ந்தது. மருத்துவர் வந்துபோகும் வீட்டுக்கும், மருத்துவரே குடியேறி அடுப்படிவரை ஆளும் வீட்டுக்கும் வேறுபாடு உண்டன்றோ?

நம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரே இப்படி அழைக்கப்பட்டதுண்டு. ஆர். கே. சண்முகம் செட்டியாரைச் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அதற்கு முன்பு, 1935 முதல் 1941 வரை, அவர் கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்தார். கொச்சி தீவன்று, ஆனால் சிறிய அரசு. நிதியும் நிர்வாகமும் அறிந்த ஒருவரை அது வெளியிலிருந்து தேடிக்கொண்டது. அவர் காலத்தில் கொச்சித் துறைமுகம் சிறப்புற வளர்ந்தது. அத்துறைமுகத்தைக் கட்டிய ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளரும் வெளியாரே. 1920இல் வந்து, கடலடி மண்ணைத் தோண்டியெடுத்து, அம்மண்ணைக் கொண்டே வில்லிங்டன் தீவை ஆக்கி, 1941இல் விடைபெற்றார். தீவுக்கு வல்லுநரை அழைத்த கதையைத்தான் நாம் பேசுகிறோம். இவர் தீவையே ஆக்கிய வல்லுநர்.

எல்லா நாற்காலிகளும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். எஞ்சினைப் பேணுபவருக்கு அரசாங்கத்தோடு மனத்தாங்கல் நேர்ந்தால் அவர் மூட்டை கட்டுவார். எஞ்சினுக்குக் கட்சி கிடையாது. நீதிபதியின் நிலை வேறு. பசிபிக் கடலில் நவுரு என்று ஒரு நாடு. பரப்பு 21 சதுர கிலோமீட்டர். அதன் நீதிமன்றங்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து நீதிபதிகளை அழைப்பது வழக்கமாயிருந்தது. 2014 ஜனவரியில் அரசாங்கம் தன் மாஜிஸ்திரேட்டைப் பதவிநீக்கி நாடு கடத்தியது. தலைமை நீதிபதி ஜெஃப்ரி ஈம்ஸ் அப்போது ஆஸ்திரேலியாவில் இருந்தார். அவருடைய விசா இரத்துச் செய்யப்பட்டது. அவர் தம் நீதிமன்றத்துக்குத் திரும்பமுடியவில்லை. சில வாரங்களில் பதவி துறந்தார். ஆளுவோருக்கு எதிராகவும் தீர்ப்பளிக்கவேண்டியவர், அதே ஆளுவோர் கொடுக்கும் விசாவின்மேல் நின்றுகொண்டிருந்தால் எத்தனை நாள் நிற்கமுடியும்? வல்லுநரை அழைக்கும் நாடும், அழைப்பை ஏற்கும் வல்லுநரும் முன்னரே எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி இது.

இத்தகைய பணிகளுக்குச் செல்லும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, தீவு அரசாங்கம் தானே விளம்பரம் செய்து, தன் பணத்தில் ஊதியம் கொடுத்து அழைப்பது. மற்றொன்று, ஓர் அரசாங்கம் தன் ஊழியரை மற்றோர் அரசாங்கத்துக்குச் சில ஆண்டுகளுக்கு அனுப்புவது. 1951இல் செயற்படத் தொடங்கிய கொழும்புத் திட்டமும், 1964 செப்டம்பரில் இந்தியா தொடங்கிய தொழில்நுட்பப் பொருளாதாரக் கூட்டுறவுத் திட்டமும் இரண்டாம் வழியைப் பெருக்கின. மொரிஷியஸின் கடலோரக் காவற்படைக்கு இந்தியக் கடற்படை அதிகாரி தலைமை தாங்கி வந்ததும் இவ்வழியில்தான். இரண்டாம் வழியில் தீவுக்குச் செலவு குறைவு, ஆள் விரைவில் கிடைப்பார். ஆனால் அவருடைய பதவி உயர்வும் ஓய்வூதியமும் அனுப்பிய நாட்டின் கையில் இருக்கும். முதல் வழியில் செலவு மிகுதி. எனினும் வந்தவர் அந்தத் தீவுக்கே கடமைப்பட்டவர். என்னைக் கேட்டால், வாய்ப்புள்ள இடத்திலெல்லாம் முதல் வழியே நன்று என்பேன்.

என் மாணவருக்கு வந்திருந்தது அந்த முதல் வழிக் கடிதம். அதில் இல்லாதிருந்ததை இப்போது சொல்லலாம். அவரோடு இருந்து வேலை பழகப்போகும் உள்ளூர் இளைஞர் யார், எத்தனை பேர், இரண்டாண்டு முடிவில் அவர்கள் தாமே எந்தெந்த வேலையைச் செய்யத் தக்கவராகவேண்டும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. நல்ல ஒப்பந்தங்களில் இது தெளிவாக எழுதப்படும். வருபவருக்கு இணையாக ஓர் உள்நாட்டவரை நியமித்து, அவருக்கும் சம்பளம் கொடுத்து, பக்கத்திலேயே நிறுத்துவார்கள். வல்லுநரின் வேலை எஞ்சினைப் பேணுவது பாதி. அந்த இளைஞரை ஆளாக்குவது பாதி.

நான் இதனைச் சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அவனுக்கு வேலை கத்துக்குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்குங்க ஐயா? ரெண்டு வருசத்துல திருப்பி அனுப்பிருவாங்களே" என்றார். நியாயமான அச்சம். தங்கைக்குத் திருமணம் செய்யவேண்டும், வீட்டுக்கடன் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஒப்பந்தம் நீளவேண்டுமானால் அங்கே கற்றவர் எவரும் இல்லாதிருப்பதே அவருக்கு லாபம். பதினான்கு ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்பது அந்த ஒரு கேள்வியில் எனக்கு விளங்கிற்று.

நான் அவரைப் போகவேண்டாம் என்று தடுக்கவில்லை. போ என்று தள்ளவுமில்லை. இருவருமாகத் திண்ணையில் அமர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். தம்மோடு பழகுநராக இருவரை நியமிக்கவேண்டும். அவர்கள் தேர்ச்சி பெற்றுச் சான்று பெறுவதைத் தம் பணியின் ஒரு பகுதியாக ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். அவர்கள் தேறினால் அதற்கென ஒரு தொகை தமக்குத் தரவேண்டும் என்று கேட்டிருந்தோம். கடைசி வரி என் யோசனை. கற்றுக்கொடுப்பவன் நட்டப்படலாகாது என்பது ஆசிரியத் தொழிலில் நான் அறிந்தது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. இருவர் முடியாது, ஒருவரை நியமிக்கிறோம் என்றும், தொகையைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அவருடைய தாயார் அதனை என்னிடம் கொண்டுவந்து இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருப்பாங்கல்லங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தைப்பொங்கல் கழிந்த மறுவாரம் என் மாணவர் புறப்பட்டார். பெட்டியில் துணியைவிடப் பழைய பாடப் புத்தகங்களே மிகுதியாக இருந்தன. நான்தான் எடுத்து அடுக்கினேன்.